முழுப்பொறுப்பு ப்ரோபேட் சேவை: எதற்குப் பணம் தரலாம், எதற்கு வேண்டாம்

உயிலுக்கு ப்ரோபேட் (உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று) வாங்குவதிலிருந்து சொத்தைப் பிரித்துக் கொடுப்பதுவரை எல்லாம் எங்கள் பொறுப்பு என்னும் சேவைகளில் முதலில் பார்க்க வேண்டியது கட்டணக் கணக்கு. மொத்தச் சொத்து மதிப்பில் 3 சதவீதம் என்றால் சின்னதாகத் தெரியும். 100 மதிப்புள்ள வீட்டின்மேல் 60 கடன் இருந்தால், மிஞ்சும் 40-இல் அது 7.5 சதவீதம். எந்தத் தொகையின்மேல் கணக்கிடுகிறார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

மனு, சொத்துப் பட்டியல், இறந்த தேதிப்படியான மதிப்பீடு, இவற்றை நன்றாகவே செய்கிறார்கள். கடன் கொடுத்தவர்களுக்கான அறிவிப்புதான் உயிர்நாடி. கடனும் வரியும் தீருமுன் பங்கு பிரித்துவிட்டு, பிறகு யாராவது பாக்கி கேட்டு வந்தால், உயிலை நிறைவேற்றுபவர் தன் கைப்பணத்தில் கட்ட நேரிடலாம். வாரிசுகள் அவசரப்படுத்தும்போது "கொஞ்சம் பொறுங்கள்" என்று உறுதியாகச் சொல்பவர்களையே அமர்த்துங்கள்.

வங்கிக் கணக்கு மூடுவது, மின் இணைப்பை மாற்றுவது, இதற்கெல்லாம் பணம் தர வேண்டாம். இறப்புச் சான்றிதழின் சான்றிட்ட நகல்கள் 8 முதல் 10 கையில் இருந்தால் நீங்களே எல்லா இடத்துக்கும் ஒரே சமயத்தில் அனுப்பிவிடலாம். பூட்டிக் கிடக்கும் வீட்டின் காப்பீட்டை மட்டும் உடனே கவனியுங்கள். ஆளில்லாத வீட்டுக்குப் பல பாலிசிகள் இழப்பீட்டைக் குறைத்துவிடும். பல சேவைகள் இதைக் கேட்பதே இல்லை.

அசல் உயிலின் ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றி நகலெடுக்கும் அலுவலகமானால் வேறிடம் பாருங்கள். துளைத்தடம் தெரிந்தால் தாள் ஏதும் உருவப்பட்டதா என்ற கேள்வி எழும். நீதிமன்றம் விளக்கப் பிரமாணப் பத்திரம் கேட்கக்கூடும்.