அணைக்கட்டு பக்கம் வாடகை டிராக்டர்: மல்லாட்டைக்கு கழனி ஓட்டினவங்கள பத்தி

செம்மண்ணுல மல்லாட்டை (வேர்க்கடலை) போடறவங்க யாராவது நல்ல வாடகை டிராக்டர் தேடறீங்கன்னா இத படிங்க. வேலூர் அணைக்கட்டு ஊரு பக்கத்துல ஒரு சின்ன சர்வீஸ், அஞ்சு கொத்து, ஒம்பது கொத்து கலப்பை, மண்ண சுத்தி பொடியாக்கற ரொட்டவேட்டர், அடிமண்ண ஆழமா கீறி விடற உளிக்கலப்பை எல்லாம் வெச்சிருக்காங்க, மணிக்கு வாங்கறது எங்க பக்கம் எல்லாரும் வாங்கற ரேட்டுதான். நான் இவங்கள சொல்றதுக்கு காரணம் அந்த டிரைவர் தம்பி.

வந்ததும் கலப்பைய எறக்கல. கழனிக்குள்ள நடந்து போய் ஒரு சாண் ஆழத்துல மண்ண நோண்டி எடுத்து உருண்டை புடிச்சு கட்டவிரலால அழுத்தினாரு, அது உதிராம பிசுக்குன்னு நசுங்குச்சு. "இன்னிக்கு வேணாண்ணா, இப்ப ஓட்டினா பாளம் பாளமா பேத்துகினு வரும், காஞ்சா கட்டி உடையாது, பதம் வரட்டும்"னு சொல்லிட்டு வண்டிய திருப்பிட்டாரு. மணிக்கணக்குல காசு வாங்கற தொழில்ல யாருங்க இப்டி சொல்றாங்க?

போன போகம் அது நெல்லு போட்ட கழனி. நெல்லுக்கு சேறடிச்சு அடிச்சு கீழ ஒரு இறுக்கம் விழுந்துடும், தண்ணி நிக்கறதுக்கு நெல்லுக்கு அது வேணும், ஆனா மல்லாட்டைக்கு வேரும் எறங்காது மழைத்தண்ணியும் எறங்காது. அதனால மொதல்ல உளிக்கலப்பைய அரை மீட்டர் இடைவெளி விட்டு குறுக்கும் நெடுக்குமா இழுத்தாங்க (3 வருஷத்துக்கு ஒரு தடவ போதும்), அப்புறம் தொழுவெரு கொட்டி ஒம்பது கொத்து, கடைசியா ரொட்டவேட்டர் ஒரே ஒரு சால் (ஒரு தடவ ஓட்டறது).

பக்கத்து கழனிக்காரரு "இன்னொரு சால் விடுப்பா, நல்லா நைசாகட்டும்"னாரு, தம்பி விடல. அவரு செஞ்சதுதான் சரி. செம்மண்ண ரொம்ப நைசா ஆக்கிட்டா ஒரு மழை பேஞ்சு வெயில் அடிச்சதும் மேல பொருக்கு கட்டிக்கும், முளை அத முட்டிகினு வெளிய வர முடியாம உள்ளயே வளைஞ்சு கெடக்கும். அதுமட்டுமில்ல, ரொட்டவேட்டர் கத்தி ஒவ்வொரு தடவையும் அதே ஆழத்துலதான் சுத்துது, வருஷம் பூரா அது ஒண்ணையே விட்டுகினு இருந்தா மேல பொலபொலன்னு தெரியும், அரை அடிக்கு கீழ இறுகிப்போய் கெடக்கும்.

விதைக்கறப்ப கைய விட்டு பாத்தேன், மேல ரெண்டு இன்ச் பருக்கை பருக்கையா இருந்துச்சு, இருக்கறதுலயே பெரிய கட்டி சுண்டக்கா சைஸ்தான். விதையோட மண்ணு நல்லா ஒட்டுது, காத்தும் போவுது. முளைப்பு ஒரே சீரா வந்துச்சு. 45-ம் நாள் ஜிப்சம் போட்டு மண்ணு அணைச்சப்பவும் மண்ணு இளக்கமாதான் இருந்துச்சு, விழுது (பூவுலருந்து மண்ணுக்குள்ள எறங்கி காய் புடிக்கற காம்பு) நல்லா எறங்குச்சு. புடுங்கறப்ப காய் மண்ணுல அறுந்து தங்கறது ரொம்ப கம்மி, அதுக்கே இவங்கள மறுபடி கூப்புடலாம்.

கொறையும் சொல்லிடறேன். சீசன்ல போன் எடுக்கவே மாட்டாங்க. வரப்போரம், மூலையெல்லாம் ஓட்டாம விட்டுட்டு போவாங்க, நாமதான் மம்பட்டியால கொத்திக்கணும். உளிக்கலப்பை இழுக்கற பெரிய வண்டி ஒண்ணுதான் இருக்குது, காத்திருக்கணும். 5க்கு 4 குடுப்பேன். அவசரம்னா வேளாண்மைப் பொறியியல் துறையிலயும் வாடகைக்கு வண்டி தராங்க, கேட்டு பாருங்க.

உளிக்கலப்பைக்கு மட்டும் கோடையிலயே சொல்லி வெச்சிடுங்க. அடிமண்ணு காஞ்சிருந்தாதான் இறுக்கம் வெடிச்சு உடையும், ஈரத்துல இழுத்தா வெறும் கோடுதான் விழும், டீசல் காசு தண்டம்.