அன்டோராவின் லிபரல்களும் சான் மரினோவின் மக்கள் கூட்டணியும்

அன்டோராவும் சான் மரினோவும் ஐரோப்பாவின் குட்டி நாடுகள். இரண்டு கட்சிகளும் 1990களின் தொடக்கத்தில் பிறந்தவை. ஆனால் போன வழி வேறு.

அன்டோராவில் 1993இல்தான் அரசியல் சாசனமே வந்தது. லிபரல்களுக்கு அது நல்ல நேரம். அவர்களின் மார்க் ஃபோர்னே 1994 முதல் 2005 வரை அரசாங்கத் தலைவராக, அதாவது பிரதமர் போன்ற பதவியில், இருந்தார். 1997இல் நாடாளுமன்றத்தின் 28 இடங்களில் 18 கிடைத்தன. இதில் தேர்தல் முறைக்கும் பங்கு உண்டு. பாதி இடங்கள், ஏழு பாரிஷ்களுக்கும் (உள்ளூர் நிர்வாகப் பகுதிகள்) தலா இரண்டு. மக்கள்தொகை கணக்கில் வராது, ஊரில் நல்ல பெயர் இருந்தால் போதும். பழைய நாடாளுமன்ற வீட்டில் ஏழு பூட்டுள்ள அலமாரி ஒன்று இருக்கிறது. பாரிஷுக்கு ஒரு சாவி, ஏழும் சேர்ந்தால்தான் திறக்கும். அந்நாட்டு அரசியலை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது. 2009இல் ஆட்சி போனது. அப்புறம் 2015இல் 8 இடம், 2019இல் 4.

சான் மரினோவின் மக்கள் கூட்டணிக்குத் தனியாக ஆளும் பலம் ஒருபோதும் இல்லை. 2006இல் 60க்கு 7 இடம், இடதுசாரிகளோடு ஆட்சி. 2008இல் எதிர் முகாமுக்கே மாறி, அங்கும் ஆட்சியில் சேர்ந்தது. இதைச் சந்தர்ப்பவாதம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம், நான் சொல்லமாட்டேன். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்ற நீதிபதியாக இருந்த அன்டோனெல்லா முலாரோனியை அந்தக் கட்சிதான் வெளியுறவு அமைச்சராக்கியது. 2013இல் அவர் ஆறு மாதம் நாட்டின் இரு தலைவர்களில் ஒருவராகவும் இருந்தார்.

ஆட்சி நடத்தியதில் அன்டோராவே முன்னால். ஆனால் எனக்குப் பிடித்தது மற்றதுதான். 2017இல் அது வேறொரு கட்சியோடு இணைந்து 'எதிர்காலக் குடியரசு' ஆனது.