மஜ்ஜையா, ரத்த ஸ்டெம் செல்லா: கவுன்ட் எதில் எப்படி ஏறுகிறது?

ரத்தப் புற்று போன்ற நோய்களுக்கு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்யும்போது, ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்லைக் கொடையாளரிடமிருந்து எடுக்க முக்கியமாக இரண்டு வழி. மயக்கம் கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து ஊசியால் மஜ்ஜையை உறிஞ்சி எடுக்கலாம். இல்லையென்றால் நாலைந்து நாள் ஜி-சிஎஸ்எஃப் என்ற மருந்தை ஊசியாகப் போட்டு, ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு வரவழைத்து, இயந்திரம் வைத்துப் பிரிக்கலாம்; இதைத்தான் இங்கே ரத்த ஸ்டெம் செல் என்கிறேன். இப்போது பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான்.

மாற்றுக்கு முந்தைய கீமோ பழைய மஜ்ஜையை அழிப்பதால் ரத்த அணுக்களின் எண்ணிக்கை, அதாவது கவுன்ட், சரிவது இரண்டிலும் ஒரே மாதிரிதான். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோபில் ரத்தத்தில் ஒரு நாள் தங்கினாலே அதிகம், ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் பத்து நாள், சிவப்பணு 120 நாள். அதனால் முதல் இரண்டும் மளமளவென்று விழும், ஹீமோகுளோபின் மெதுவாக இறங்கும்.

ஏறும்போதுதான் வித்தியாசம். நியூட்ரோபில் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் மூன்று நாள் தொடர்ந்து 500க்கு மேல் நின்றால் புதிய செல்கள் வேர்பிடித்துவிட்டன என்று சொல்வார்கள். ரத்த ஸ்டெம் செல்லில் இது சுமார் இரண்டு வாரத்தில் நடக்கும், மஜ்ஜையில் மூன்று வாரம் ஆகலாம். காய்ச்சலும் வாய்ப்புண்ணுமாகக் கிடப்பவருக்கு அந்த ஒரு வாரம் சாதாரண விஷயமில்லை.

ஆனால் ரத்தத்திலிருந்து எடுத்த பையில் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள் ஏறக்குறைய பத்து மடங்கு அதிகம். அவை மிச்சமிருக்கும் புற்றுச்செல்லையும் தாக்கும், நோயாளியின் தோல், கண், குடல், கல்லீரலையும் தாக்கும். நோயாளியின் உடலையே தாக்கும் இதைத்தான் ஜிவிஎச்டி என்கிறார்கள். உறவினரல்லாத கொடையாளரிடமிருந்து மாற்று பெற்ற ரத்தப் புற்று நோயாளிகளிடம் இரண்டு வழியையும் ஒப்பிட்ட ஒரு பெரிய ஆய்வு 2012இல் வெளிவந்தது. உயிர் பிழைத்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. நீண்டகால ஜிவிஎச்டி ரத்த ஸ்டெம் செல்லில் 53 சதவீதம், மஜ்ஜையில் 41. செல்கள் வேர்பிடிக்காமல் போனது முறையே 3, 9 சதவீதம்.

என்னைக் கேட்டால், கவுன்ட் எந்த நாளில் ஏறியது என்பதை மட்டும் வைத்து இதை முடிவு செய்யக்கூடாது. மஜ்ஜை போதிய ரத்த அணுக்களை உருவாக்காத ஏபிளாஸ்டிக் அனீமியாவில் விரட்ட வேண்டிய புற்றுச்செல்லே கிடையாது, அதனால் கூடுதல் டி செல்லால் லாபமும் இல்லை. அங்கே மஜ்ஜைதான் நல்லது. திரும்பி வரக்கூடிய லுகேமியா என்ற ரத்தப் புற்று என்றால் கணக்கு வேறு, டாக்டரிடம் இந்தக் கேள்வியை நேராகவே கேளுங்கள்.

அப்புறம் ரத்த வகை. கொடையாளருடையது வேறாக இருந்தால், எந்த வழியானாலும் பழைய சிவப்பணுக்கள் தீரத் தீர, சில மாதங்களில் அவருடைய வகைக்கே மாறிவிடும். டி செல்கள் புதிதாக உருவாகிப் பழகத்தான் ஒரு வருஷத்துக்கும் மேல் ஆகிறது. கவுன்ட் நார்மல் என்று ரிப்போர்ட் வந்த பிறகும் சிறுவயதுத் தடுப்பூசிகளை முதலிலிருந்து போடச் சொல்வது அதனால்தான்.