கோடைப் பத்து வாரமா, முதலாண்டு வகுப்பா?

அமெரிக்காவில் கணினி அறிவியல் மாணவர் ஆராய்ச்சிக்குள் நுழைய இரண்டு வழிகள். தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987 முதல் நிதி தரும் கோடைத் திட்டம் ஒன்று: சுமார் 10 வாரம், உதவித்தொகையோடு முழுநேர வேலை. ஒரு மையத்தில் பத்துப் பேர் அளவுக்கே இடம்.

மற்றது, ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் 2005-இல் தொடங்கிய முதலாண்டு ஆராய்ச்சித் திட்டம். இங்கே ஆராய்ச்சியே பாடம், மதிப்பெண்ணும் உண்டு. ரோபோ பிரிவு மாணவர்கள், துறைக் கட்டடத்துக்குள் தானாக நடமாடும் ரோபோக்களுக்கு நிரல் எழுதுகிறார்கள். இத்தகைய ரோபோ தடைகளை அறிய வீசும் லேசர் ஒளி கண்ணாடியை ஊடுருவிவிடும். எதிரே கண்ணாடிச் சுவர் இருப்பதே அதற்குத் தெரியாது. திரையில் பிசகாமல் ஓடிய நிரல் அங்கே தடுமாறும். விடை எந்தப் புத்தகத்தின் பின்பக்கத்திலும் இல்லை. அந்தத் தவிப்பை முதலாண்டிலேயே ருசிப்பது பெரும் பேறு.

ஆழம் கோடையில்தான் அதிகம். ஆனாலும் "ஆராய்ச்சியெல்லாம் நமக்கு எதுக்கு" என்று ஒதுங்கும் பிள்ளையையும் எட்டுவது வகுப்புதான். என் ஓட்டு அதற்கே. ஒவ்வொரு பிரிவுக்கும் முனைவர் பட்டம் பெற்ற வழிகாட்டி வேண்டும், செலவு அங்கேதான்.