டீம்ட் சீட்டா, தொரப்பாடி பாலிடெக்னிக்கா?

ஆம்பூர், மேல்விஷாரம் பக்கத்துத் தோல் வியாபாரக் குடும்பங்களில் மே மாதம் வந்தால் ஒரே பேச்சு: "பையனுக்கு மார்க் கம்மி சார், எவ்வளவு ஆனாலும் சீட் வாங்கிடலாம்." காட்பாடியில் கணக்கு டியூஷன் எடுக்கும் எனக்கு அதைக் கேட்டாலே மனசு பதறும்.

1984-இல் வேலூர் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய வி.ஐ.டி. 2001-இல் நிகர்நிலை (டீம்ட்) பல்கலைக்கழகம் ஆனது. அங்கே நுழைவுத்தேர்வு ரேங்க் பின்னால் போகப் போகக் கட்டண வகை ஏறும், ஒளிவுமறைவு இல்லை. ஆனால் அதிகம் கட்டியவனுக்கும் குறைவாகக் கட்டியவனுக்கும் கால்குலஸ் வினாத்தாள் ஒன்றுதான். பிற மாநிலப் பிள்ளைகளோடு பழகுவது, பாடவேளையையும் ஆசிரியரையும் தானே தேர்ந்தெடுப்பது எல்லாம் பெரிய வரம். பரீட்சையில் சறுக்கினாலும் ஆர்வம் உள்ள பிள்ளைக்கு அந்தப் பணம் தகும். அடிப்படையே ஆடுகிறவனுக்குத் தகாது.

என் மாணவன் ஒருவன் வெளியூரில் ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்ந்தான். இரண்டாம் ஆண்டு முடிவில் ஏழு அரியர். தீபாவளிக்கு வந்தவன் திண்ணையில் உட்கார்ந்து, மடித்து மடித்துக் கிழிந்துபோன மார்க் தாளைக் காட்டினான். "சார், அப்பாகிட்ட ரெண்டுன்னுதான் சொல்லியிருக்கேன்." அவன் மக்கு இல்லை. பத்தாவதிலேயே அவன் வீட்டில் நான் அடித்துப் பேசியிருக்க வேண்டும்.

வேலூர் தொரப்பாடி அரசு பாலிடெக்னிக் என்றதும் வசதியுள்ள வீடுகளில் முகம் சுளிக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தாவதுக்குப் பிறகு பிளஸ் டூ இரண்டு, பி.இ. நான்கு: ஆறு வருடம். டிப்ளமோ மூன்று, லேட்டரல் என்ட்ரியில் நேரே பி.இ. இரண்டாம் ஆண்டு சேர்ந்தால் இன்னொரு மூன்று: அதுவும் ஆறு. பிளஸ் டூ முடித்தவனும் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேரலாம். கட்டணம் சில ஆயிரம்தான். காக்கிச் சட்டையோடு லேத் முன்னால் நின்று, கடைந்த கம்பியை வெர்னியரில் அளந்து, அரை மில்லி தப்பினால் மறுபடி கடைகிறவனுக்குத் தசமப்புள்ளி தானாகவே பிடிபடும். கரும்பலகையில் என்னால் அதைப் புரியவைக்க முடிந்ததில்லை.

அப்பா கடையில்தான் உட்காரப் போகிறான் என்றால், வேலூர் ஊரீசு கல்லூரியிலோ மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரியிலோ பி.காம். படித்துவிட்டுச் சாயங்காலம் மண்டியில் இருக்கட்டும்.

திண்ணையில் உட்கார்ந்தவன் இப்போது லீவுக்கு ஊர் வரும்போதெல்லாம் வருகிறான். பதினொன்றாம் வகுப்பு வகைநுண்கணிதத்திலிருந்து தொடங்கியிருக்கிறோம். மூன்று அரியர் முடிந்தது. உண்மை எண்ணிக்கையை அப்பாவிடம் அவனே சொல்லிவிட்டான்.