ஐரிஷ் ஸ்டூ கருப்பாக வந்தால் வாயில் வைக்காதீர்கள்

டப்ளினில் இருப்பவர்கள், முக்கியமாக ஊரிலிருந்து பெரியவர்களை வரவழைக்கப் போகிறவர்கள், இதைப் படித்துவிடுங்கள்.

போன ஞாயிறு நல்ல மழை. ஒரு மாதம் எங்களோடு இருக்க வந்த அத்தையைப் பக்கத்துத் தெரு கஃபேக்குக் கூட்டிப்போனோம். ஏழெட்டு மேசைதான், உள்ளே நுழைந்ததும் சோடா ரொட்டி வாசம். அத்தை மாட்டுக்கறி தொடமாட்டார், மது கலந்த எதுவும் ஆகாது. அதனால் ஆர்டர் எடுத்த பையனிடம் "ஐரிஷ் ஸ்டூ லாம்ப்தானே?" என்று இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் தலையாட்டினான்.

கிண்ணம் வந்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். ஐரிஷ் ஸ்டூ என்பது ஆட்டின் கழுத்துக்கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம், அவ்வளவுதான். கேரட் சேர்க்கலாமா என்பதற்கே இங்கே சண்டை போடுவார்கள். சாறு வெளிறித்தான் இருக்கும், உருளை கரைந்து கெட்டிப்படும். எங்களுக்கு வந்ததோ வத்தக்குழம்பு நிறத்தில் பளபளவென்று இருந்தது. மூன்றாவது கரண்டியில் அத்தை நிறுத்திவிட்டார்.

"ஏம்மா, ஒரு எலும்புகூட இல்லையே. கறி நார் நாராப் பிரியுது, லேசாக் கசக்குது வேற. இது ஆடுதானா?"

உள்ளே போய்க் கேட்டேன். லாம்ப் முந்தின நாளே தீர்ந்துவிட்டதாம். கின்னஸ் என்கிற கருப்பு பீர் ஊற்றி வேகவைத்த பீஃப் ஸ்டூவைத்தான் கொடுத்தார்களாம். "ரெண்டும் ஸ்டூதானே" என்று சமையல்காரர் சிரிக்கிறார்! அத்தை எதுவும் பேசாமல் வாய் கொப்பளித்துவிட்டு வந்து, வீடு சேரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

பில்லில் 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் வேறு. ஆறு பேருக்கு மேல் வந்தால்தான் என்று மெனுவிலேயே போட்டிருக்கிறது, நாங்கள் மூன்று பேர். சண்டை போட்டபிறகு அதை எடுத்தார்கள். ஸ்டூவுக்கான 17 யூரோவை எடுக்கவில்லை, பதிலுக்கு இலவசக் காப்பி தருகிறார்களாம்.

அயர்லாந்தில் உணவகங்கள் பீஃப் எந்த நாட்டுடையது என்று எழுதிவைக்க வேண்டும், 2006 முதல் சட்டம். ஒவ்வாமை தரும் 14 பொருட்களையும் எழுத்தில் காட்ட வேண்டும். அங்கே இரண்டும் கண்ணில் படவில்லை. கின்னஸில் பார்லி இருக்கிறது, அதிலுள்ள குளூட்டன் என்ற புரதம் ஆகாதவர் அதே கிண்ணத்தைச் சாப்பிட்டிருந்தால்?

எனவே "லாம்ப்தானே?" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்பது சுலபமான பதில். "என்ன கறி, கின்னஸ் ஊற்றியிருக்கிறதா, கிச்சனில் கேட்டுச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். கொத்துக்கறிமேல் மசித்த உருளை பரப்பிச் சுடும் ஷெப்பர்ட்ஸ் பையிலும் இதே வம்பு உண்டு. ஆட்டுக்கறிக் கொத்து இருக்க வேண்டியது, பல இடங்களில் மாட்டுக்கறியில் செய்துவிட்டு அதே பெயரில் விற்கிறார்கள்.

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்தில் புகார் போட்டிருக்கிறேன். பில்லையும் கிண்ணத்தின் படத்தையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அத்தை இப்போது வெளியே எங்கே கூப்பிட்டாலும் "நீங்க போயிட்டு வாங்கம்மா" என்கிறார்.