விசைப்படகு எஞ்சினை இரண்டு முறை பிரித்துக் கட்டியதில் ஆன செலவும் கிடைத்த உழைப்பும்

நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டை துறைமுகத்திலிருந்து பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் தங்குகடல் தொழிலுக்குச் செல்லும் எங்கள் விசைப்படகில் ஆறு சிலிண்டர் கொண்ட 160 குதிரைத்திறன் டர்போ டீசல் எஞ்சின் இருக்கிறது. லாரிக்கென்று உருவாக்கப்பட்டுப் பிறகு கடலுக்கேற்ப மாற்றப்பட்ட வகை அது. 2018-இலும் 2019-இலும், அடுத்தடுத்த இரண்டு மீன்பிடித் தடைக்காலங்களையொட்டி, இதே எஞ்சினை முழுவதுமாகப் பிரித்துக் கட்ட நேர்ந்தது. முதல் முறை 1,65,000 ரூபாயும் இரண்டாம் முறை 3,42,000 ரூபாயும் செலவாயின. முதல் வேலை சுமார் 1,300 மணி நேரம் தாங்கியது. இரண்டாவது, 2024 தடைக்காலத்தில் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது 7,200 மணி நேரத்தைக் கடந்திருந்தது. மணிக்கணக்கில் வகுத்தால் முதலாவது 127 ரூபாய், இரண்டாவது 48 ரூபாய்கூட ஆகவில்லை. ஆனால், கூடுதலாகக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி உதிரிபாகங்களுக்குப் போகவில்லை என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில்தான் கிழக்குக் கடற்கரையின் விசைப்படகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் பட்டறைக்கு வருகின்றன. பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்கை லேத் பட்டறையில் கிரைண்டிங்குக்குக் கொடுத்தால் வரிசையில் காத்திருக்க வேண்டும். டீசல் பம்ப்பின் அளவைச் சரிசெய்யும் கேலிபரேஷனுக்கு அதைவிட அதிக நாள் ஆகும். ஜூன் பிறந்துவிட்டால் உரிமையாளரும் அவசரப்படுத்துவார், மெக்கானிக்கும் அளவெடுப்பதை விட்டுவிடுவார். 2018-இல் எங்களுக்கு நடந்தது இதுதான். புது லைனர் (பிஸ்டன் ஓடும் உருளைக் குழாய்), பிஸ்டன், ரிங் செட், பேரிங் (கிராங்க் சுழலும் தாங்கி), கேஸ்கட் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் தகடு) எல்லாம் நல்ல கம்பெனிப் பொருளாகவே வாங்கினோம். அவற்றில் ஏமாற்று எதுவும் இல்லை. கிராங்கை மட்டும் எமரித்தாளால் தேய்த்து, “இன்னும் ஸ்டாண்டர்டு அளவிலேயே இருக்கிறது” என்று சொல்லிப் பழைய அளவு பேரிங்கையே போட்டுவிட்டார்கள். மைக்ரோமீட்டர் பெட்டியிலேயே இருந்தது. நானும் கேட்கவில்லை.

கடலுக்குப் போன முதல் இரண்டு மாதம் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு, வலை இழுக்கும்போது 3.5 கிலோ காட்டிக்கொண்டிருந்த ஆயில் பிரஷர் படிப்படியாக 2 கிலோவுக்கு இறங்கியது. எஞ்சினுக்குள் சேரும் வாயு வெளியேறும் பிரீதரில் புகை கூடியது. 2019 பிப்ரவரியில், மூன்றாவது சிலிண்டரில் ஹெட் கேஸ்கட் போய், கோடியக்கரைக்குத் தெற்கே இன்னொரு படகு கட்டி இழுத்துவர வேண்டியதாயிற்று. கரைக்கு வந்ததும் எங்கள் டிரைவர் தண்ணீர் மூடியைத் திறந்து, விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்புக் கரித்தது. அதாவது, கடல்நீரால் எஞ்சின் நீரைக் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் குழாய்களில் ஏதோ ஒன்று ஓட்டையாகி, உப்புநீர் உள்ளே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. (கூலண்ட் ஊற்றாமல் வெறும் நல்ல தண்ணீர் மட்டும் விட்டிருந்ததால்தான் அவர் அப்படிச் சுவைத்துப் பார்க்க முடிந்தது. கூலண்ட் நச்சு, கலந்திருந்தால் யாரும் அதைச் செய்யக் கூடாது.)

இரண்டாவது வேலையை வேறொரு பட்டறையில் கொடுத்தோம். மார்ச் மாதமே எஞ்சினைக் கழற்றி, ஒரு மாதத் தொழிலை இழந்தோம். அந்த இழப்பை மேலே சொன்ன தொகையில் நான் சேர்க்கவில்லை. அங்கிருந்த மூத்த மெக்கானிக் முதல் மூன்று நாள் எந்தப் பொருளுக்கும் பட்டியல் எழுதித் தரவில்லை, அளந்துகொண்டே இருந்தார். கிராங்கில் பேரிங்குக்குள் சுழலும் பகுதியான ஜர்னலில் 0.06 மில்லிமீட்டர் நீள்வட்டம் இருந்தது. அதனால்தான் புது பேரிங் நிற்கவில்லை. 0.50 மில்லிமீட்டர் அண்டர்சைஸுக்கு (ஸ்டாண்டர்டைவிட அவ்வளவு சிறிய அளவுக்கு) கிரைண்ட் செய்து, ஜர்னல் ஓரத்தின் வளைவைக் குறையாமல் காத்து, எண்ணெய்த் துளைகளின் அடைப்பான்களைக் கழற்றி உள்ளே தங்கியிருந்த கசடை எடுத்துவிட்டுத்தான் பேரிங் வாங்கச் சொன்னார்.

லைனரை உருவி வெளியே எடுத்து என் கையில் கொடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஓராண்டுகூட ஓடாத லைனர். உட்புறம் பளபளப்பாக இருந்தது. தண்ணீர் படும் வெளிப்புறத்தில், பிஸ்டன் அழுத்தும் பக்கத்தில் மட்டும், மேலிருந்து கீழாக வரிசையாக ஊசி குத்தியது போன்ற குழிகள். ஒரு குழியில் விரல் நகம் இறங்கியது. எஞ்சின் ஓடும்போது லைனர் அதிர்வதால் அதை ஒட்டிய நீரில் நுண்குமிழிகள் தோன்றி உடைகின்றன. ஒவ்வொரு உடைப்பும் இரும்பைச் சிறிது கொத்துகிறது. வெறும் தண்ணீர் இதைத் தடுக்காது. தடுப்பு மருந்து கலந்த கூலண்ட் தேவை. பிளாக்கில் லைனர் அமரும் படியும் அரித்திருந்ததால், ஆறு லைனர்களும் பிளாக் மட்டத்துக்கு மேல் ஒரே அளவில் நிற்கவில்லை. மூன்றாவது தாழ்ந்திருந்தது, கேஸ்கட் அங்கே போனதற்குக் காரணம் அதுதான். படியை வெட்டி ஷிம் என்னும் மெல்லிய தகடு வைத்து, டயல் கேஜில் சரிபார்த்து ஏற்றினார்கள். இந்த ஒரு வேலைக்கு மட்டும் 14,000 ரூபாய் ஆனது. முந்தைய பில்லில் இப்படி ஒரு வரியே கிடையாது.

இவ்வளவும் எஞ்சினுக்குள் நடந்தவை. மெக்கானிக் அதோடு நிற்காமல், புல் திராட்டிலில் (முழு வேகத்தில்) நிமிடத்துக்கு எத்தனை சுற்று எடுக்கும் என்று டிரைவரிடம் கேட்டார். எங்கள் எஞ்சின் 2,200 சுற்று எடுக்க வேண்டியது, 1,980-ஐத் தாண்டியதில்லை. அதிக இழுவை வேண்டுமென்று முன்பு நாங்களே பெரிய பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) கொண்ட புரொப்பல்லர் மாற்றியிருந்தோம். அது போதாதென்று, எப்.ஐ.பி. என்னும் டீசல் செலுத்தும் பம்ப்பையும் திறந்துவிட்டு டீசலைக் கூட்டியிருந்தோம். தமிழகத்தில் 240 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சினை விதி அனுமதிக்காது என்பதாலும், பெரிய எஞ்சின் வாங்கப் பணம் இல்லை என்பதாலும், இருக்கும் எஞ்சினையே பிழிந்தெடுக்கும் இந்த வழக்கம் துறைமுகங்களில் உண்டு. லாரி எஞ்சின் மேட்டில் சில நிமிடம்தான் முழுச்சுமை தாங்கும். இழுவலைப் படகில் அதே எஞ்சின் மூன்று, நான்கு மணி நேரம் தொடர்ந்து சுமையில் நிற்கிறது. சுற்று எடுக்காமல் சுமை மட்டும் ஏறினால் எரியாத டீசல் கரும்புகையாகப் போகும், பிஸ்டன் தலை சூடேறும், பேரிங் மீது அழுத்தம் கூடும். இந்த நிலையில் எத்தனை நல்ல லைனர் போட்டாலும் பயனில்லை என்று அவர் சொன்னதை இன்று முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே புரொப்பல்லரில் மூன்று அங்குலம் பிட்ச் குறைத்தோம். பம்ப்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி உரிய அளவுக்கு வைத்தோம். டீசலைத் தூவும் நாசில்கள் ஆறும் புதியவை. ஹீட் எக்ஸ்சேஞ்சர் குழாய்க் கட்டு முழுவதும் மாற்றப்பட்டது. எஞ்சினை ஷாப்டோடு இணைக்கும் அலைன்மென்ட்டைக் கரையில் ஒரு முறை பார்த்ததோடு விடாமல், படகு நீரில் இறங்கி ஒரு நாள் மிதந்த பிறகு கப்ளிங்கில் இடைவெளி அளக்கும் பில்லர் கேஜ் விட்டு மறுபடியும் சரிசெய்தார்கள். மிதக்கும்போது படகின் உடல் வேறு விதமாக வளைகிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வெள்ளோட்டத்தில் 2,150 சுற்று எடுத்தது. வலை இழுக்கையில் மணிக்கு 26 லிட்டராக இருந்த டீசல் 23-க்கு இறங்கியது. வேகம் சிறிது குறைந்ததாக டிரைவர் ஒரு பருவம் முழுவதும் முணுமுணுத்தார்; அவர் சொன்னது உண்மைதான், பக்கத்துப் படகுகள் எங்களுக்கு முன்னே துறைமுகம் சேர்ந்துவிடுகின்றன.

குறைகளும் இருக்கின்றன. கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் முதல் ஆண்டிலேயே கசிந்தது. பட்டறைக்காரர் கூலி வாங்காமல் மாற்றிக் கொடுத்தாலும், கியர்பாக்ஸைக் கழற்றுவதற்குள் ஐந்து நாள் போயிற்று. காற்றை அழுத்தி ஊட்டும் டர்போவை மட்டும் செலவு மிச்சம் என்று பழையதையே சர்வீஸ் செய்து போட்டது என் முடிவு. 2022-இல் அதன் ஷாப்ட் ஆடத் தொடங்கி, 38,000 ரூபாய்க்குப் புதிது வாங்கினேன். கிராங்கையும் இனி எல்லையின்றி கிரைண்ட் செய்துகொண்டிருக்க முடியாது.

2024-இல் ஹெட்டைத் திறந்து அளந்தபோது லைனர் மேல்விளிம்பின் தேய்மானம், அதிகமாக இருந்த சிலிண்டரில் 0.12 மில்லிமீட்டர். எண்ணெய் தங்குவதற்காக லைனரின் உட்புறத்தில் போடும் ஹோனிங் கோடுகள் கீழ்ப்பாதியில் இன்னும் கண்ணுக்குத் தெரிந்தன. வால்வ்களை மட்டும் அவை அமரும் இடத்தில் தேய்த்துப் பொருத்தி, புதுக் கேஸ்கட் வைத்து மூடிவிட்டோம். அடுத்த முறை முழுவதும் பிரிக்கும்போது மார்ச் முதல் வாரத்திலேயே எஞ்சினை இறக்கிவிட வேண்டும் என்று பட்டறையில் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.